எகிப்துக் குடியானவர் ஓவியங்கள்: கருவி இருக்கிறது, ஆண்டு எங்கே?

3 பிப்ரவரி, ஒரு வாசகரின் கேள்வி

எகிப்துக் குடியானவர்களை ஐரோப்பியர் வரைந்த 19ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் முழுக்கக் கற்பனை, பாரிஸில் அறைக்குள் உட்கார்ந்து கட்டியவை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஆனால் நீர் இறைக்கும் படங்களைப் பார்த்தால் நம் ஊர் ஏற்றம் அப்படியே நிற்கிறது. கால், துலா (மேலும் கீழும் ஆடும் நீளக் கட்டை), சால் (நீர் மொள்ளும் கலம்) எல்லாம் இருக்கின்றன. பழைய பாசனக் கருவிகளைப் பற்றி எழுதுகிறேன். இந்தப் படங்களைச் சான்றாக வைக்கலாமா, கூடாதா?

3 பிப்ரவரி, இரவு

கருவிக்கு வைக்கலாம். எந்த ஆண்டில் கிராமம் எப்படி இருந்தது என்பதற்கு வைக்கக் கூடாது.

"எல்லாம் கற்பனை" என்பவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். பிரெஞ்சு ஓவியர் ழான்-லியோன் ஜெரோம் 1879 வாக்கில் வரைந்த பாம்பாட்டி. பின்சுவரில் இருப்பவை இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையின் ஓடுகள். தரையும் ஆட்களும் வேறு வேறு ஊர். கிழக்கை ஐரோப்பியர் பார்த்த விதத்தை விமர்சித்து எட்வர்ட் சயீத் 1978ல் எழுதிய புத்தகத்தின் அட்டையில் அது வந்தது, 1983ல் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின் அதை வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். அந்தப் படத்துக்கு அந்தக் குற்றச்சாட்டு முழுக்கப் பொருந்தும். வயலையும் ஆற்றங்கரையையும் வரைந்த படங்களைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஷாதூஃப் என்கிற அந்த நீரிறைக்கும் கருவியையே எடுப்போம். நாணல் கலந்த மண்ணால் ஆன இரண்டு தூண்கள், உயரம் ஏறத்தாழ 5 அடி, இடைவெளி 3 அடிக்குள். மேலே ஒரு குறுக்குக் கட்டை. அதன் நடுவில் மரக்கிளையால் ஆன துலா. ஒரு முனையில் மண் உருண்டை. மறுமுனையில் பனை இனத்துக் கழியில் தொங்கும் கூடை அல்லது தோல் சால். ஓர் இறைப்பில் தண்ணீர் ஏறுவது சுமார் 8 அடி. 1830களில் கெய்ரோவில் வாழ்ந்த ஆங்கில அறிஞர் எட்வர்ட் வில்லியம் லேன் எழுதி வைத்த அளவுகள் இவை.

படத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஆளின் முதுகை. மண் உருண்டை கனமாக இருப்பதால் வெறும் சாலைக் கீழே இழுக்கத்தான் பலம் வேண்டும். நிரம்பிய சால் மேலே வரும்போது உருண்டை உதவுகிறது. கழியைப் பிடித்து உடம்பின் பாரத்தைக் கீழே போடுகிறார் என்றால் வரைந்தவர் நின்று பார்த்திருக்கிறார். நிரம்பிய சாலைத் தம் கட்டித் தூக்குகிற மாதிரி இருந்தால், கருவியை வேறு படத்திலிருந்து எடுத்திருக்கிறார்.

அடுத்தது கரையின் உயரம். மேல் எகிப்தில் (நாட்டின் தெற்குப் பகுதி) ஆறு வற்றிய மாதங்களில் கரைக்கும் நீருக்கும் இடைவெளி அதிகம். ஓர் இறைப்பு போதாது. ஒன்றின் மேல் ஒன்றாக நான்கைந்து ஷாதூஃப் வைத்துத் தொட்டி தொட்டியாக ஏற்றுவார்கள். செங்குத்தான கரையில் ஒரே ஒரு ஷாதூஃப் மட்டும் நின்றால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் போய்ச் சேரவே சேராது.

4 பிப்ரவரி

கேள்வியில் ஒரு திருத்தம். "நம் ஊர் ஏற்றம் அப்படியே" என்று எழுதாதீர்கள். நம் ஏற்றத்தில் துலாவின் மேல் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். எடை அவருடைய உடம்புதான். ஷாதூஃபில் துலா மேல் யாரும் ஏறுவதில்லை, அந்த வேலையை மண் உருண்டை செய்கிறது. மிதிக்க ஆள் இல்லாத கைத்துலாவோடு ஒப்பிட்டால் சரியாக இருக்கும். ஒரே தத்துவம், இரண்டு கட்டுமானம்.

சாகியா என்று இன்னொரு நீரிறைக்கும் கருவியும் படங்களில் வரும். அதை ஷாதூஃபோடு குழப்பாதீர்கள். மாடு செக்குச் சுற்றுவது போலச் சுற்றும். படுத்த நிலையில் ஒரு பெரிய பல்சக்கரம், அதோடு கடிக்கும் நின்ற பல்சக்கரம், நீருக்கு மேல் இன்னொரு சக்கரம். கடைசிச் சக்கரத்தின் மேல் கயிற்று மாலையில் வரிசையாக மண்கலயங்கள். ஆக மூன்று சக்கரம். படத்தில் பல்சக்கரங்களின் பற்கள் ஒன்றோடொன்று எங்கே கடிக்கின்றன என்று தேடிப் பாருங்கள். பாதிப் படங்களில் அந்த இடத்தை ஒரு மரநிழல் மறைத்திருக்கும்.

5 பிப்ரவரி

களத்துப் படம் ஒன்று. ஜெரோம், 1859. பிரெஞ்சுத் தலைப்பின் பொருள் "எகிப்திய வைக்கோல் வெட்டி". தமிழிலும் ஆங்கிலத்திலும் "போரடித்தல்" என்று மாற்றிவிடுகிறார்கள், அதில் பாதி விஷயம் போய்விடுகிறது.

கருவியின் பெயர் நோரக். நாற்காலி மாதிரி ஒரு மரச்சட்டம், அடியில் மூன்று தடித்த அச்சு, அச்சுகளில் மெல்லிய இரும்புத் தகடுகள். வழக்கமாகப் பதினொன்று: முன் அச்சில் 4, நடுவில் 3, பின்னால் 4. நடு அச்சின் தகடுகள் முன்பின் தகடுகளின் இடைவெளியில் ஓடும். மாடு இரண்டைப் பூட்டிக் கதிர்ப் பரப்பின் மேல் வட்டமாக ஓட்டுவார்கள். ஓட்டுபவர் மேலே உட்காருவது சொகுசுக்கு இல்லை, அவருடைய எடை இருந்தால்தான் தகடு வைக்கோலுக்குள் இறங்கும்.

நம் களத்தில் தாம்பு கட்டி மாட்டை மிதிக்க விட்டால் நெல் உதிரும், வைக்கோல் முழுசாக மிஞ்சும். நோரக் ஓடினால் மணி உதிர்வதோடு தாளும் துண்டு துண்டாக நறுங்கிவிடும். அந்த நறுக்கலுக்குத் திப்ன் என்று பெயர். மாட்டுக்குத் தீவனம் அது, பச்சைச் செங்கல் மண்ணோடு கலப்பதும் அதுதான். தலைப்பை "வைக்கோல் வெட்டி" என்று வைத்ததில் ஜெரோம் கருவியைச் சரியாகப் புரிந்துகொண்டது தெரிகிறது.

8 பிப்ரவரி

ஆண்டு தெரியாத படங்களில் மாதத்தைக் கண்டுபிடிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். இந்த வகைப் படங்களுக்கு நான் முதலில் போடும் சோதனையே அதுதான்.

அஸ்வான் அணைகள் வருவதற்கு முன் நைல் ஜூன் கடைசியில் ஏறத் தொடங்கும், செப்டம்பரில் உச்சம், அக்டோபர் நவம்பரில் வடியும், மே வாக்கில் அடிமட்டம். வடிந்த ஈரத்தில் கோதுமை, அவரை, தீவனப்புல் விதைப்பார்கள். கோதுமை அறுப்பு ஏப்ரல், மே. அதற்குப் பிறகுதான் நோரக். ஐரோப்பியப் பயணிகள் வருவதோ நவம்பரிலிருந்து மார்ச் வரை. வெயிலுக்கு முன்னால் கிளம்பிவிடுவார்கள். ஆகவே பெரும்பாலான ஓவியர் பார்த்தது பச்சை வயலும் சாய்ந்த வெயிலும். பனிக்காலம் மட்டும் தங்கியவர் களத்தை வரைந்தால், அதை எங்கே பார்த்தார் என்ற கேள்வி வரும். 1856ல் ஜெரோம் தங்கியது எட்டு மாதம்: நான்கு மாதம் படகில், நான்கு மாதம் கெய்ரோவில். அவருக்கு வாய்ப்பு இருந்தது. இன்னொரு பிரெஞ்சு ஓவியர் யூஜின் ஃப்ரோமாந்தான் 1869 அக்டோபரில் சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்காகப் போனார். அதனால்தான் அவருடைய நைல் படங்களில் தண்ணீர் அவ்வளவு அகலம்.

விலங்குக்கும் இதே கேள்விதான். ஆங்கில ஓவியர் ஃபிரடெரிக் குடால் 1858லும் 1870லும் எகிப்து போனவர். பிறகு எகிப்திய ஆடுகளையே இங்கிலாந்துக்கு வரவழைத்துத் தன் தோட்டத்தில் மேய விட்டு வரைந்தார். ஆடு அச்சு அசல் எகிப்து ஆடு. அதன் முதுகில் விழுந்த வெளிச்சம் லண்டன் பக்கத்து வெளிச்சம்.

9 பிப்ரவரி

குடம் சுமக்கும் பெண்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த ஓவியங்களில் அதிகம் விற்றது இந்த உருவம்தான்.

ஆற்றுக்குப் போகும்போது வெறுங்குடத்தைத் தலையில் படுக்க வைப்பார்கள். திரும்பும்போது நிமிர்ந்து நிற்கும். அடியில் சும்மாடு. படத்தில் பெண் ஆற்றை நோக்கிப் போகிறாள், குடம் நிமிர்ந்து நிற்கிறது என்றால் மாதிரிப் பெண்ணை அறையில் நிற்க வைத்து வரைந்த படம். கழுத்தைப் பாருங்கள்: நிறைகுடம் சுமப்பவளின் கழுத்து நேராக இருக்கும், பார்வை தூரத்தில் இருக்கும். பார்ப்பவரை நோக்கித் தலையைச் சாய்த்துப் புன்னகைத்தால் குடம் விழுந்துவிடும்.

உடை: அவுரி நீலத்தில் தொளதொள சட்டை, தலையில் நீண்ட துணி. நகரப் பெண்போல முகத்திரை கட்டுவது வயலில் வழக்கமில்லை. அந்நிய ஆண் எதிர்ப்பட்டால் தலைத்துணியின் ஓரத்தை வாயருகே இழுத்துக்கொள்வார்கள். தாடையில் பச்சை குத்தியிருக்கும். ஓவியர்கள் இதைப் பாதிக்குப் பாதி விட்டுவிடுகிறார்கள், வாங்குகிறவர்களுக்கு முகம் வழுவழுப்பாக வேண்டும் என்பதால்.

பிரெஞ்சு ஓவியர் ஷார்ல் லாந்தெல் 1866ல் காட்சிக்கு வைத்த "ஃபெல்லா பெண்" (ஃபெல்லா என்றால் குடியானவர்) பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வாங்கிய படம். மூலம் சான்-குளூ அரண்மனைத் தீயில் போய்விட்டது. அதற்குள் கேட்டவர்களுக்கெல்லாம் லாந்தெல் மறுபடி மறுபடி வரைந்து கொடுத்திருந்தார். இன்று ஏலத்தில் வருபவை அந்தப் பிரதிகள்தான், அளவும் நகையும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். இதைக் கிராம வாழ்க்கைக்குச் சான்றாக வைக்கவே கூடாது.

எலிசபெத் ஜெரிகாவ்-பௌமன் டென்மார்க்கிலிருந்து போன பெண் ஓவியர். "குழந்தையோடு ஃபெல்லா பெண்" 1872ல் வரைந்தது, கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவரும் விற்பனையை நினைத்தவர்தான், கீஸாவில் பானை விற்கும் பெண்ணை வரைந்த படத்தில் உடம்பைக் காட்டும் ஆசை தெரிகிறது. ஆனால் அந்தத் தாய் படத்தில் குழந்தையைத் தாங்கிய விதத்தில் பொய் இல்லை.

10 பிப்ரவரி

சின்னக் குறிப்பு. குடத்தின் பெயர் பல்லாஸ் என்று எழுதினால் கேனா பகுதியில் அதே பெயருள்ள ஊரில் செய்து படகில் வடக்கே போனது என்று பொருள். வீட்டு மூலையில் நீர் கசிந்து குளிரும் பெரிய சாடி ஸீர். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதாதீர்கள். ஸீரைத் தலையில் தூக்க முடியாது.

12 பிப்ரவரி

பிரெஞ்சு ஓவியர் லியோன் பெல்லியின் "தஹபியாவை இழுக்கும் ஃபெல்லாக்கள்", 1864. தஹபியா ஒரு நைல் படகு. அவர் பிறந்த ஊரான சான்-ஓமேரில் இருக்கிறது. இந்த வகையில் எனக்குப் பெரிதாகத் தோன்றும் படம் இதுதான். நாக்லினின் முக்கியமான புகார், இந்த ஓவியங்களில் உழைப்பே இல்லை, எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. இந்தப் படத்துக்கு முன்னால் அந்தப் புகார் நிற்காது. கயிறு நெஞ்சில் பதிந்து, உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்து, வரிசையாக ஆட்கள்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது. ஆகவே மேல்நோக்கிப் போகப் பாய், கீழ்நோக்கி வர நீரோட்டமும் துடுப்பும். கயிறு கட்டி இழுப்பது மேல்நோக்கிப் போகும்போது காற்று செத்துவிட்டால் மட்டும். அப்போது கரையில் இறங்கி இழுப்பவர்கள் பெரும்பாலும் படகின் ஆட்களே. "ஃபெல்லா" என்ற சொல்லுக்கு வேர் உழுதல். ஓவியத் தலைப்புகளில் அது ஏழை எகிப்தியர் யாருக்கும் பொதுப்பெயராகிவிட்டது. படத்தைக் குடியானவருக்குச் சான்றாக வைக்கும்போது இதைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது: தஹபியா சரக்குப் படகு இல்லை. அறைகள் வைத்த பயணிப் படகு. பெல்லி, ஜெரோம் மாதிரியானவர்கள் போனதே அதில்தான். இழுபடும் பாரத்தில் ஓவியரும் ஒருவர். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் கயிறு வேறு மாதிரி இறுகுகிறது.

14 பிப்ரவரி

முதல் நாள் "ஆண்டுக்கு வைக்கக் கூடாது" என்று எழுதியதை விளக்கச் சொல்கிறார்கள்.

அலெக்சாண்ட்ரியாவிலிருந்து கெய்ரோவுக்கு ரயில் 1856ல் முடிந்தது. ஜெரோம் படகில் போன அதே ஆண்டு. நீண்ட இழைப் பருத்தியை 1820களில் அப்போது எகிப்தை ஆண்ட முகமது அலி டெல்டாவில் (நைல் கடலில் சேரும் வடக்குப் பகுதி) பரப்பினார். 1861ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்து அந்தப் பஞ்சு நின்றதும் எகிப்துப் பருத்திக்கு விலை எகிறியது, டெல்டாவே பஞ்சுக்கு மாறியது. பருத்திக்குக் கோடையில் தண்ணீர் வேண்டும். அதற்காகக் கால்வாய்களை ஆழமாக வெட்ட வேண்டும். வெட்டியவர்கள் கட்டாய உழைப்புக்கு இழுத்து வரப்பட்ட குடியானவர்கள். சூயஸ் கால்வாயிலும் 1864 வரை அப்படித்தான். ஆண்டு முழுக்கத் தேங்கிய வாய்க்காலில் காலை வைத்து வேலை செய்தவர்களுக்கு, ஜெர்மன் மருத்துவர் தியோடோர் பில்ஹார்ஸ் 1851ல் கெய்ரோவில் கண்டறிந்த புழு நோய் பரவியது. 1876ல் அரசு திவால், கடன்காரர்களின் ஆணையம் வந்து உட்கார்ந்தது, வரிச்சுமை மறுபடி அதே முதுகில்.

இந்தக் காலத்தில் வரைந்த படங்களில் ஷாதூஃப் இருக்கிறது, நோரக் இருக்கிறது, குடம் இருக்கிறது. நீராவிப் பம்பு இல்லை. பஞ்சுப் பொதி இல்லை. தந்திக் கம்பம் இல்லை. வரி வசூலிப்பவன் இல்லை. பைபிளில் வரும் ஊரைத் தேடிப் போனவர்களுக்கு, அதற்குப் பொருந்தாத எதுவும் சட்டகத்துக்குள் வரவில்லை.

15 பிப்ரவரி, காலை

நேற்று எழுதியதில் ஓர் இடத்தைத் தளர்த்துகிறேன். பருத்தி எடுப்பது செப்டம்பர், அக்டோபர். ஓவியர்கள் வருவது நவம்பருக்குப் பிறகு. அவர்கள் படகில் போனது மேல் எகிப்துக்கு. பருத்தி விளைந்ததோ பெரும்பாலும் டெல்டாவில். நான் 8ஆம் தேதி சொன்ன மாதக் கணக்கே இங்கே அவர்கள் பக்கம் பேசுகிறது. பஞ்சு வயல் இல்லாததை மட்டும் வைத்து மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ரயிலையும் தந்தியையும் கால்வாய் வெட்டையும் பற்றிச் சொன்னது நிற்கும், அவை எல்லா மாதமும் கண் முன்னால் இருந்தவை.

15 பிப்ரவரி, மாலை

இன்னொரு விதிவிலக்கு, அதுவும் ஜெரோமே. "பாலைவனத்தைக் கடக்கும் எகிப்தியப் புதுப் படையாட்கள்", 1857. பிடித்துக்கொண்டு போகப்படும் குடியானவர்கள், கையில் விலங்கு, பக்கத்தில் அல்பேனியக் காவலர், சுற்றிலும் புழுதி. 1820களிலிருந்து எகிப்துக் கிராமங்களைப் பிடித்து உலுக்கியது இந்த ஆள்பிடிப்புதான். தப்பிக்கச் சிலர் விரலை வெட்டிக்கொண்டார்கள், தோட்டா உறையைக் கடிக்க முடியாதபடி முன்பல்லை உடைத்துக்கொண்டார்கள், கண்ணைக் குருடாக்கிக்கொண்டார்கள். லேன் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். ஆக ஜெரோமுக்கு நிகழ்காலம் தெரியும், ஒருமுறை வரைந்தும் இருக்கிறார். பாம்பாட்டிக்காகத் திட்டுகிறவர்கள் இதையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

17 பிப்ரவரி

அச்சுப் பிரதிகளில் முகங்கள் ஏன் இவ்வளவு இருண்டு, தோல் வெடித்த மாதிரி இருக்கின்றன என்று கேட்டார் ஒருவர். பொதுவாக இரண்டு காரணம். ஒன்று, மேலே பூசிய வார்னிஷ் மஞ்சளாவது. அதைக் கைதேர்ந்தவர் நீக்கலாம். மற்றது சரியாகாது. அக்காலத்தில் நிழலுக்குத் தார்ப் பழுப்பு போடுவது வழக்கம், போட்டவுடன் தேன் மாதிரி ஒளிரும். ஆனால் அது எண்ணெயோடு கலந்தால் முழுதாக உலராது. மேல் அடுக்கு உலர்ந்து சுருங்க, அடி அடுக்கு வழுக்க, முதலைத் தோல் மாதிரி அகலமான பிளவு விழும். நிழலும் கருத்த தோலும் வரைந்த இடங்களில்தான் இந்த நிறம் அதிகம் போகும், சேதமும் அங்கேதான்.

நிறக்கடைகளில் மம்மிப் பழுப்பு என்றும் ஒன்று விற்றது. பெயருக்கு இல்லை; எகிப்திலிருந்து வந்த பிணங்களை அரைத்துச் செய்தது. எந்தப் படத்தில் அது இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

20 பிப்ரவரி

ஜெரோமோடு 1856ல் போனவர்களில் பிரெஞ்சுச் சிற்பி ஓகுஸ்த் பார்தோல்தியும் ஒருவர், அப்போது இருபதுகளின் தொடக்கம், கையில் புகைப்படக் கருவி. பின்னாளில் சூயஸ் வாயிலில் வைக்க ஒரு கலங்கரை விளக்கம் திட்டமிட்டார்: ஃபெல்லா பெண், தொள உடை, உயர்த்திய கையில் விளக்கு. 1869ல் எகிப்தை ஆண்ட கெதிவ் இஸ்மாயீலிடம் காட்டினார், நடக்கவில்லை. 1886ல் நியூயார்க் துறைமுகத்தில் எழுந்த சுதந்திர தேவிக்கு முந்தைய வடிவம் இது. முகமும் உடையும் மாறின, தூக்கிய கை மாறவில்லை.

23 பிப்ரவரி

"எகிப்தியர்கள் தங்களையே எப்படி வரைந்தார்கள்?" என்ற கேள்விக்கு இதோ.

மஹ்மூத் முக்தார், 1891ல் டெல்டாவில் தன்பாரா என்ற கிராமத்தில் பிறந்த சிற்பி. "எகிப்தின் விழிப்பு" சிலை அவருடையது, இளஞ்சிவப்பு அஸ்வான் கல், மக்களிடம் திரட்டிய பணமும் அதில் உண்டு. எழும் ஸ்ஃபிங்ஸ் (சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட உருவம்), பக்கத்தில் நிற்கும் ஃபெல்லா பெண் தன் முகத்திரையை விலக்குகிறாள். 1928ல் கெய்ரோ ரயில் நிலையத்துக்கு முன் திறந்தார்கள், 1955ல் பல்கலைக்கழக வாசலுக்கு மாற்றினார்கள். லாந்தெல் விற்ற அதே உருவம் இங்கே நாட்டின் உருவமாகிறது. இதிலும் அவள் வேலை செய்யவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஓவியர் மஹ்மூத் சயீத் அலெக்சாண்ட்ரியாக்காரர், நீதிபதி. 1934ல் அவர் வரைந்த "ஷாதூஃப்கள்" உங்கள் கட்டுரைக்கு நேராகத் தேவை. துலாக்களின் சாய்கோடுகள்தான் படத்தையே தாங்குகின்றன. 2010ல் துபாய் ஏலத்தில் 24 லட்சம் டாலருக்கு மேல் போனது.

இஞ்சி அஃப்லாதூன் என்ற பெண் ஓவியர் 1959 முதல் 1963 வரை அரசியல் கைதி. வெளியே வந்த பிறகு வயலில் வேலை செய்யும் பெண்களை வரைந்தார், தீற்றலுக்கும் தீற்றலுக்கும் இடையில் ஓவியத் துணியை வெள்ளையாகவே விட்டு. குனிந்த முதுகுகள், முகம் அநேகமாகத் தெரியாது. வேலை செய்பவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

24 பிப்ரவரி

கட்டுரைக்கு எந்தப் படங்களை எடுப்பது என்று கேட்டவருக்கு: நோரக்குக்கு ஜெரோம் 1859, தகடு எண்ணிக்கைக்கு லேன். ஷாதூஃபுக்கு ஓவியத்துக்குப் போகும் முன் நெப்போலியனோடு போன அறிஞர்கள் 1809 முதல் வெளியிட்ட பெரிய தொகுதியின் செம்புத்தகட்டுப் படங்களைப் பாருங்கள், குறுக்குவெட்டே போட்டிருப்பார்கள். அதோடு மஹ்மூத் சயீதின் 1934 படத்தைப் பக்கத்தில் வையுங்கள். நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. மண் உருண்டை அதே இடத்தில் தொங்குகிறது.